நியோமா வீடு

டாக்கெட் துறை என்ற ஓடைக்கரை ஊரில் ஒரு வீட்டுக்குப் பெயர் வைப்பது அதில் குடியிருப்பவர்கள் கையில் இல்லை. ஹென்ஸ்லி வீட்டில் கடைசி ஹென்ஸ்லி கண்ணை மூடி ஐம்பது வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு நான்கு குடும்பங்கள் அங்கே பிள்ளை பெற்று, மாடு கட்டி, கடன்பட்டுப் போய்விட்டன. இன்றைக்கும் அது ஹென்ஸ்லி வீடுதான். தீப்பிடித்துச் சாம்பலாகி, அஸ்திவாரக் கல்லும் ஒரு லைலாக் புதரும் மட்டும் மிஞ்சிய இடத்தைக் காட்டி ‘கார்வர் வீட்டுல இடது பக்கம் திரும்பு’ என்று வழி சொல்வார்கள். வெளியூர்க்காரன் இல்லாத வீட்டைத் தேடி மேலும் கீழும் வண்டி ஓட்டிக்கொண்டிருப்பான்.

வெல்டா கிரிசம் முப்பது வருஷம் குடியிருந்த வீட்டுக்கு நியோமா வீடு என்று பெயர். நியோமா அவள் கணவன் டெல்மரின் முதல் மனைவி. வெல்டா அந்தப் படியேறுவதற்கு மூன்று வருஷம் முன்பே மார்பில் கட்டி வந்து செத்துப்போனவள்.

டெல்மரின் பெயரால் அந்த வீட்டை யாரும் அழைத்ததில்லை. கிரிசம் வீடு என்றால் ஓடைக்கு அந்தப் பக்கம், நெடுஞ்சாலைப் பக்கம், டெல்மரின் தம்பி ஹோய்ட் இருக்கும் பழைய வீடு. அவர்கள் தாத்தா டென்னசியிலிருந்து கோவேறு கழுதை வண்டியில் வந்து, ஓக் மரம் வெட்டி, ரயில்பாதைக்குக் கட்டை செதுக்கிக் கொடுத்துக் கட்டிய வீடு. இந்தப் பக்கத்து வீடு நியோமாவுக்கு அவள் அப்பன் விட்டுப்போனது. அதன் முன்னறையில்தான் ஊர் டெலிபோன் பலகை இருந்தது. ஓடையின் இரு கரையிலும் இருபத்துமூன்று வீடுகளின் கம்பியும் அந்தச் சுவருக்குத்தான் வந்து சேரும், இணைப்புக் கொடுப்பவள் நியோமா. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு மணிக்கணக்கு, இரண்டு நீளம் ஒரு குட்டை என்பது போல. தீ என்றால் எல்லா வீட்டுக்கும் சேர்த்து ஒரே நீள மணி. யாருக்கு வலி எடுத்தது, யார் மாடு வேலி தாண்டியது, தக்காளி டப்பா அடைக்கும் கொட்டகையில் நாளைக்கு வேலை உண்டா என்பதெல்லாம் நியோமாவைக் கேட்டால் தெரியும். எல்லாவற்றுக்கும் மேலாக, தரைப்பாலம். ஓடையின் குறுக்கே போட்ட அந்த சிமென்ட் பாலத்தின் மேல் மழைக்காலத்தில் தண்ணீர் ஏறிவிடும். ஏறினால் நெடுஞ்சாலை வழியாகப் பதினாலு மைல் சுற்றி வரவேண்டும். ஏறியிருக்கிறதா என்று நியோமா வீட்டு அடுப்படி ஜன்னலிலிருந்து பார்த்தால்தான் சரியாகத் தெரியும்.

அவள் செத்த வருஷமே எண் சுற்றும் டெலிபோன் வந்து பலகையைக் கழற்றிக்கொண்டு போனார்கள். சுவரில் நான்கு ஆணித்துளைகள் மிஞ்சின. வெல்டா வந்த முதல் வாரம் அவற்றின்மேல் ஒரு நாட்காட்டியை மாட்டினாள். வருஷாவருஷம் நாட்காட்டி மாறியது. துளைகள் அப்படியே இருந்தன.

மழை பெய்தால் போதும், டெலிபோன் அடிக்கும்.

“நியோமா வீடா? பாலத்து மேல தண்ணி இருக்கா?”

“இது கிரிசம் வீடு” என்று சொல்லி வெல்டா வைத்துவிடுவாள். மைத்துனன் ஹோய்ட்டும் அப்படித்தான் கேட்பான், அவனுக்கும் அதே பதில்தான். கிரிசம் வீட்டிலிருந்து கிரிசம் வீட்டுக்குப் பேசுகிறோமா என்று அவன் சிரிப்பான். அவளுக்குச் சிரிப்பு வராது.

பொறாமை என்று அதை வெல்டா ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. உயிரோடு இருப்பவள்மீது பொறாமைப்பட்டால் சண்டை போடலாம், தலைமுடியைப் பிடிக்கலாம், பிறகு ஒருநாள் ராசியும் ஆகலாம். இவளை என்ன செய்வது? வேலியோரம் புளிப்புத் தண்டுக்காக நியோமா வைத்த ரூபார்ப் செடியை வெல்டா இரண்டுமுறை வேரோடு தோண்டி ஓடையில் எறிந்தாள். மூன்றாவது வசந்தத்தில் முன்னைவிடத் தடித்த தண்டுகளோடு அது வந்து நின்றது. மே மாதக் கடைசியில் ஊரே கல்லறைகளைச் சுத்தம் செய்து பூ வைத்து, மரத்தடியில் பந்தி விரித்துச் சாப்பிடும் நாளில், அவளும் வாளியும் துடைப்பமும் எடுத்துக்கொண்டு போவாள். நியோமாவின் கல்லில் டெல்மரின் பெயரும் இருந்தது. மனைவி முன்னால் போனால் புருஷன் பெயரையும் பிறந்த வருஷத்தையும் பக்கத்திலேயே செதுக்கிவிடுவது அந்த ஊர் வழக்கம். செலவு ஒன்றாய்ப் போகும். டெல்மர், 1921, ஒரு சின்னக் கோடு, அப்புறம் வெறும் இடம். முப்பது வருஷம் வெல்டா அந்த வெறும் இடத்தைச் சோப்புப் போட்டுத் தேய்த்தாள்.

நியோமா என்ற பெயர் மட்டும் அவள் வாயிலிருந்து வந்ததே இல்லை. சொல்லியே ஆகவேண்டுமென்றால் ‘முன்னாடி இருந்தவங்க’ என்பாள்.

தொண்ணூற்று நாலாம் வருஷம் செப்டம்பர் கடைசியில் ஃபெர்ன் மாக்கி ஒரு காகிதத்தோடு வந்தாள். ஃபெர்னுக்கு அறுபத்தெட்டு வயது. மேட்டில் அடுத்த வீடு. நியோமாவோடு ஒரே வகுப்பில் படித்தவள், வெல்டாவோடு இருபது வருஷமாக ஒன்றாய்ப் போர்வை தைப்பவள். அவள் வண்டியை நிறுத்தி இறங்கும்போது வெல்டா வால்நட் மரத்தடியில் குனிந்து காய் பொறுக்கிக்கொண்டிருந்தாள். காய்கள் எலுமிச்சை அளவுக்கு, பச்சைத்தோல் கறுத்து, புல்லெல்லாம் கிடந்தன. அந்தத் தோலின் கறை கையில் பட்டால் ஒரு மாசம் போகாது.

“என்னடி, கரி வியாபாரம் பண்றவ மாதிரி இருக்கே.”

“தீவனக் கடை டுவேன் அடுத்த வாரம் தோலுரிக்கற மிஷினை நிறுத்திடுவானாம். அதுக்குள்ள நாலு சாக்கு சேத்துடணும்.”

“இந்த மரம் சும்மா சொல்லக்கூடாது. நியோமா சொல்லுவா, ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம் இது…”

வெல்டா கையிலிருந்த காயை வாளியில் போட்டாள். தகர வாளி அதிர்ந்தது.

ஃபெர்ன் பேச்சை மாற்றி, காகிதத்தை நீட்டினாள். “மாவட்ட ஆபீஸ்ல இருந்து வந்திருக்கு. எல்லா ரோட்டுக்கும் பேர் வைக்கணுமாம், வீட்டுக்கு நம்பராம். ஆம்புலன்ஸ்காரன் எந்த ஊர்க்காரனா இருந்தாலும் பலகையைப் பாத்து நேரா வாசலுக்கு வந்துடணுமாம். நம்ம ரோட்டுல ஏழு வீடு. ஏழு வீடும் ஒரே பேருக்குக் கையெழுத்துப் போட்டா அந்தப் பேரு. ஒரு வீடு போடலைன்னாலும் அவங்களே ஏதோ நம்பர் குடுத்துடுவாங்க, முந்நூத்திப் பதினெட்டாம் ரோடுன்னு.”

“என்ன பேரு?”

ஃபெர்ன் மரத்தை அண்ணாந்து பார்த்தாள். “பேரு என்ன பேரு. எல்லாரும் சொல்ற பேருதான்.”

காகிதத்தில் ‘நியோமா ரோடு’ என்று எழுதி, கீழே ஆறு கையெழுத்து இருந்தது. ஏழாவது கோடு காலி.

“செத்தவங்களுக்கு எதுக்கு ஆம்புலன்ஸ்?” என்றாள் வெல்டா.

“உயிரோட இருக்கறவங்களுக்குத்தாண்டி. ஆனா அவங்களுக்கு வழி தெரியறது அவ பேர்ல. நான் என்ன பண்ண?”

“முப்பது வருஷமா இந்த வீட்டுத் தரையைத் துடைக்கறேன், ஃபெர்ன்.”

“யாரு இல்லைன்னா? என் தரையைவிட நல்லாத்தான் துடைக்கறே.” ஃபெர்ன் காகிதத்தை வாளிப் பக்கத்தில் ஒரு கல்லின் கீழ் செருகினாள். “நவம்பர் வரைக்கும் டைம் இருக்கு. கோவத்துல கிழிச்சுடாத, நகல் எடுக்கப் பன்னண்டு மைல் போகணும்.”

அன்று சாயங்காலச் சாப்பாட்டுக்கு, பன்றிக்கொழுப்பு போட்டு வேகவைத்த பீன்ஸும் சோளரொட்டியும். டெல்மர் பச்சை வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு காகிதத்தைத் தூரத்தில் பிடித்துப் படித்தான். மாவட்டத்தின் மண் ரோடுகளை நிரவும் வண்டியை முப்பத்தொரு வருஷம் ஓட்டி ஓய்வு பெற்றவன். எந்த ரோட்டில் எந்த வளைவில் எப்போது குழி விழும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான்.

“நீ என்ன சொல்றே?” என்றாள் வெல்டா.

“இந்த ரோடு எல்லாத்தையும் நான்தான் நிரவினேன். ஒண்ணுலயும் பேர் கிடந்து பாத்ததில்ல. சரளை இருந்துச்சு. ஆமை இருந்துச்சு.”

“வெளையாடாத. ஏழாவது கையெழுத்து நம்ம வீட்டோடது.”

“நம்ம வீட்டோடதுன்னா உன்னோடது. நீ போட்டாலும் சரி, போடாட்டியும் சரி. நான் அதுல கை வைக்கமாட்டேன்.”

“கிரிசம் ரோடுன்னு வைக்கச் சொல்லி நீ ஒரு வார்த்தை சொன்னா ஃபெர்ன் கேப்பா.”

“ஹோய்ட் அந்தப் பக்கம் ஏற்கெனவே கிரிசம் ரோடுன்னு எழுதிக் குடுத்துட்டானே. ஒரு பேரு ரெண்டு ரோட்டுக்குக் கிடையாதாம்.”

வெல்டா ரொட்டியைப் பிட்டாள். வெண்ணெய் தடவினாள். பிறகு முப்பது வருஷத்தில் கேட்காத ஒன்றைக் கேட்டாள். “அவங்க ரொட்டி நல்லா சுடுவாங்களா?”

டெல்மர் மெல்லுவதை நிறுத்தினான். “யாரு, நியோமாவா? கருக்கிடுவா. மணி அடிச்சா அடுப்பை அப்படியே விட்டுட்டு ஓடுவா. பதினெட்டு வருஷம் கருகின ரொட்டியத் தின்னேன். ஒருதடவை ஹென்ஸ்லி வீட்டுப் பிரசவத்துக்கு டாக்டரைப் புடிச்சுத் தர்றதுக்குள்ள ஒரு முழு வான்கோழி கரியாப் போச்சு. ஓட்டுத் துண்டு மாதிரி தட்டுல வச்சுட்டு, பொண்ணு பொறந்திருக்குன்னா.”

வெல்டாவுக்கு ஒரு நிமிஷம் நெஞ்சு குளிர்ந்தது. தன் ரொட்டி ஒருநாளும் கருகியதில்லை. பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள். சொல்லி முடித்த பிறகும் அந்தச் சிரிப்பு அவன் வாயோரத்தில் இருந்தது. கருகாத ரொட்டியை முப்பது வருஷம் தின்ற முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை அவள் பார்த்ததில்லை. எழுந்து தட்டுகளை எடுத்தாள். காகிதத்தைக் குளிர்பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒட்டினாள். கையெழுத்துப் போடவில்லை.

அக்டோபர் மூன்றாம் வாரம் இரண்டு நாள் விடாமல் மழை. மூன்றாம் நாள் காலை வெறித்தது. வீட்டுக்கென்று ஒதுக்கிய வால்நட்டுகளை டெல்மர் வாசல் வழித்தடத்தில் பரப்பி, பிக்கப் வண்டியை அதன்மேல் முன்னும் பின்னும் ஓட்டினான். தோலுரிக்க அங்கே எல்லாரும் செய்வதுதான். தோல் நசுங்கிக் கூழாகும், கொட்டை உடையாது. வெல்டா ரப்பர் காலணியோடு குனிந்து கூழிலிருந்து கொட்டைகளைப் பொறுக்கிக் கூடையில் போட்டாள்.

“இன்னும் ரெண்டு தடவை விடு. அந்த மூலைல தோல் அப்படியே இருக்கு.”

வண்டி பின்னால் போனது. முன்னால் வந்தது. மூலையில் நிற்காமல் மெதுவாக, மிக மெதுவாக, புல்தரையில் இறங்கி வேலிக்கம்பத்தில் முட்டி நின்றது. என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது.

“எங்க போறே?” என்றாள். பிறகு ஓடினாள்.

டெல்மர் ஸ்டியரிங்கின்மேல் சாய்ந்து கிடந்தான். முகம் சாம்பல் நிறம். மூச்சு இருந்தது. ஒரு கையால் சட்டையின் நெஞ்சுப்பக்கத்தைக் கொத்தாகப் பிடித்திருந்தான். “சத்தம் போடாத” என்றான், அவள் சத்தம் போடாமலே. அவனை இருக்கையில் சாய்த்துப் படுக்கவைத்து, என்ஜினை அணைத்து, அவள் உள்ளே ஓடினாள். நாட்காட்டிக்குக் கீழேதான் டெலிபோன். கறுத்த விரல்கள் எண்வட்டத்தில் வழுக்கின.

அப்போதெல்லாம் அவசரமென்றால் ஷெரீப் ஆபீஸுக்குத்தான் அடிக்கவேண்டும். எடுத்தது ஒரு புதுப் பெண் குரல்.

“டாக்கெட் துறை. கிரிசம் வீடு. என் புருஷனுக்கு நெஞ்சுவலி. மூச்சு இருக்கு. சீக்கிரம்.”

“லைன்லயே இருங்கம்மா. டுவேன் வண்டிலதான் இருக்கார், வயர்லெஸ்ல சொல்றேன்.”

டுவேன் பாக்ஸ்டர் தீவனக் கடைக்காரன். வால்நட் வாங்குபவனும் அவன்தான், ஊராருக்காகச் சம்பளமில்லாமல் ஆம்புலன்ஸ் ஓட்டுபவனும் அவன்தான். கரகரவென்று வயர்லெஸ் சத்தம் கேட்டது. பெண் திரும்பி வந்தாள்.

“அம்மா, டுவேன் கேக்கறார், கிரிசம் வீடா, நியோமா வீடா?”

ஜன்னலுக்கு வெளியே பிக்கப்பின் கதவு திறந்திருந்தது. டெல்மரின் ஒரு கால் வெளியே தொங்கியது. அந்த நேரத்தில்கூட, அந்தப் பெயர் காதில் விழுந்ததும் வெல்டாவின் உடம்பு முழுக்க ஒன்று இறுகியது. முப்பது வருஷமாக மழைநாள்தோறும் இறுகிப் பழகியது அது.

“கிரிசம் வீடு” என்றாள். “இந்த வீட்டுல அந்தப் பேர்ல யாரும் இல்ல.”

வைத்துவிட்டு ஓடினாள்.

டெல்மரின் தலையை மடியில் வைத்துக்கொண்டு வண்டிக்குள் உட்கார்ந்திருந்தாள். கொட்டைச்சாறு அவன் கழுத்தில், கன்னத்தில் எல்லாம் ஒட்டியது. அவன் ஏதோ சொன்னான். குனிந்து கேட்டாள். “கூடையை மூடி வை. அணில்.” அவ்வளவுதான். இருபது நிமிஷம் கழித்து ஆம்புலன்ஸின் ஊளை கேட்டது. அவள் தலையை நிமிர்த்திப் பார்த்தாள். மரங்களுக்கு நடுவே சிவப்பு விளக்கு சுழன்றது. அது நின்ற இடம் ஓடைக்கு அந்தப் பக்கம், ஹோய்ட் வீட்டு வாசல்.

நடுவே கல்லெறி தூரம்தான் ஓடை. தரைப்பாலம் இருந்த இடத்தில் காபி நிறத் தண்ணீர், ஒரு முழு மரத்தைக் கிளையோடு புரட்டிக்கொண்டு போனது. ஹோய்ட் பனியனோடு வெளியே வருவது தெரிந்தது. போன வருஷம்தான் அவனுக்கு ஒருமுறை மாரடைப்பு வந்து போயிருந்தது. டுவேன் பையைத் தூக்கிக்கொண்டு அவனை நோக்கி ஓடுவதும், ஹோய்ட் கை விரிப்பதும், பிறகு இருவரும் திரும்பி ஓடையின் இந்தப் பக்கம் பார்ப்பதும் தெரிந்தது. வெல்டா வண்டியிலிருந்து இறங்கி நின்று இரண்டு கையையும் ஆட்டினாள். கறுத்த கைகள். டுவேன் வண்டிக்குள் ஏறினான். ஆம்புலன்ஸ் திரும்பி மரங்களுக்குள் போனது. ஊளை தேய்ந்தது. பதினாலு மைல்.

அது வந்து சேர்ந்தபோது டெல்மரின் கை சட்டையை விட்டிருந்தது.

அடக்கத்தன்று நல்ல வெயில். பெட்டிக்குப் பக்கத்தில் நின்றபோது வெல்டா கையுறை போட்டிருந்தாள். டெல்மரின் கழுத்துக் கறையை மட்டும் போக்க முடியவில்லை என்று உடலைத் தயார்செய்தவர்கள் மன்னிப்புக் கேட்டார்கள். நியோமாவின் பக்கத்தில் தோண்டியிருந்தது. வேறெங்கே தோண்டுவார்கள்? கல்லில் நான்கு எண் செதுக்கவேண்டிய வேலைதான் பாக்கி.

பழைய பள்ளிக்கூடத்தில் சாப்பாடு. பிள்ளைகளையெல்லாம் டவுன் பள்ளிக்குப் பஸ்ஸில் ஏற்ற ஆரம்பித்த பிறகு அந்தக் கட்டடத்தை ஊர்ப்பொதுவாக வைத்திருந்தார்கள். பன்றித்தொடை, உருளைக்கிழங்கு, பழம் அடைத்துச் சுட்ட ஏழு வகைப் பலகாரம். டுவேன் தட்டை எடுக்காமல் தொப்பியைக் கையில் உருட்டிக்கொண்டு வந்து நின்றான். ஐம்பது வயது ஆள், கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

“வெல்டா அத்தை, தப்பு என்னோடது. ஹோய்ட் மாமாவுக்குத்தான் நெஞ்சுநோவுன்னு நானே முடிவு பண்ணிட்டேன். கேட்டேன், அந்தப் பொண்ணு ஏதோ சொல்லுச்சு, புதுசு, அதுக்கு ஊரு தெரியாது. நானாவது இன்னொரு தடவை கேட்டிருக்கணும்.”

“டாக்டர் என்ன சொன்னார்?”

“நேரா வந்திருந்தாலும் சொல்ல முடியாதுன்னார்.” அவன் தொப்பியைப் பார்த்தான். “முடியாதுன்னுதான் சொன்னார். வந்திருந்தா பொழைச்சிருப்பார்னும் சொல்லல, மாட்டார்னும் சொல்லல.”

“சாப்பிடு, டுவேன்” என்றாள் வெல்டா. அவன் அழுதுகொண்டே தட்டை எடுக்கப் போனான்.

அப்புறம் மூன்று வாரம் அவள் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. கொட்டைக்கூடை மூடியோடு அடுப்படி மூலையில் இருந்தது. அவள் உடைக்கவில்லை. டெல்மர் இல்லாத வீட்டில் அவனுக்காக யாரோடும் போட்டி இல்லை. அவன் போயாயிற்று, போன இடத்தில் பதினெட்டு வருஷம் அவனோடு வாழ்ந்தவள் முப்பத்துமூன்று வருஷமாகக் காத்துக்கொண்டிருந்தாள். சில நாள் காலையில் அந்த நினைப்பு வந்ததும் வெல்டாவுக்கு எரிந்தது. எரிந்துகொண்டே, அதன் நடுவில், ‘கிரிசம் வீடா, நியோமா வீடா’ என்ற பெண் குரல் கேட்கும். எரிச்சல் அப்படியே குளிர்ந்து கல்லாகும்.

நவம்பர் நடுவில் பள்ளிக்கூடத்தில் கூட்டம். ஏழு வீட்டுக்காரர்களும் வந்தார்கள். ஹோய்ட்டும் மனைவியோடு அந்தப் பக்கத்திலிருந்து வந்திருந்தான். ஃபெர்ன் ஒரு புதுக் காகிதத்தை மேசையில் வைத்தாள். சுற்றி வளைக்கத் தெரியாதவள், தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

“பழைய காகிதம் வேண்டாம். நாங்க ஆறு பேரும் பேசிட்டோம். வெல்டா ரோடுன்னு வைக்கறோம். இதோ, கையெழுத்து எல்லாம் போட்டாச்சு. முப்பது வருஷமா சொல்லியிருக்கவேண்டிய பேரு, சொல்லாம விட்டது எங்க தப்பு. அதனாலதான் டெல்மர்…” நிறுத்தினாள். “நீ போட்டா முடிஞ்சுது.”

டுவேன் பின்வரிசையிலிருந்து எழுந்தான். “நான் இந்த ரோட்டுக்காரன் இல்ல. இருந்தாலும் சொல்லிக்கறேன். அந்தப் பேரு அன்னிக்கே பலகைல இருந்திருந்தா என் புத்தி தடுமாறியிருக்காது. என்னை மன்னிச்சுருங்க, எல்லாரும்.”

வெல்டா மேசைக்குப் போனாள். காகிதத்தில் அவள் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. அழகாகத்தான் இருந்தது. முப்பது வருஷம் இதற்குத்தான் ரூபார்ப் தோண்டினாள், நாட்காட்டி மாட்டினாள், மழைநாளில் போனை வைத்தாள். பேனாவை எடுத்தாள். கையில் கறை இன்னும் முழுதாகப் போயிருக்கவில்லை, நகக்கண்களில் மிச்சமிருந்தது.

“டுவேன், உக்காரு” என்றாள். “அந்தப் பொண்ணு சரியாத்தான் கேட்டா. நீ கேக்கச் சொன்னதை அப்படியே கேட்டா. கிரிசம் வீடா, நியோமா வீடான்னு. நான்தான் கிரிசம் வீடுன்னேன். அந்தப் பேர்ல இங்க யாரும் இல்லைன்னேன். அவன் வெளிய வண்டில கிடந்தான். எனக்கு அந்தப் பேரைச் சொல்ல வாய் வரல.”

மூலை அடுப்பில் விறகு டப்பென்று வெடித்தது. ஹோய்ட் மெதுவாக எழுந்தான், தொப்பியை எடுத்தான், யாரையும் பார்க்காமல் வெளியே போனான். அவன் மனைவி தன் பாத்திரத்தைக்கூட எடுக்காமல் பின்னால் ஓடினாள். வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது.

“ஏண்டி” என்றாள் ஃபெர்ன், தணிந்த குரலில். “ஏண்டி இப்பச் சொல்றே. யாருக்கும் தெரியாதே.”

வெல்டா தன் பெயரைக் குறுக்கே அடித்தாள். மேலே ‘நியோமா’ என்று எழுதினாள். எழுத்துக்கூட்டல் தெரியுமா என்று யாரும் கேட்கத் தேவையில்லை, வருஷாவருஷம் கல்லில் தேய்த்த எழுத்து. கீழே கையெழுத்துப் போட்டாள். மற்ற ஆறு பேரும் அடித்த இடத்துக்குப் பக்கத்தில் மறுபடி ஒருமுறை கையெழுத்துப் போடவேண்டியிருந்தது. ஒவ்வொருவராக வந்தார்கள், போட்டார்கள், அவள் முகத்தைப் பார்க்காமல் போனார்கள். ஃபெர்ன் கடைசியாகப் போட்டாள். அன்று அவள் வெல்டாவை வண்டியில் வீடு கொண்டுவந்து விட்டாள். இறங்கும்போது, “வியாழக்கிழமை போர்வை தைக்க வருவியா?” என்றாள்.

“வரலாமா?”

“ஊசி உன்கிட்ட இருக்கு. வந்துதான் ஆகணும்.”

குளிர்காலம் முழுக்க ஹோய்ட் பேசவில்லை. கல்லறைக் கல்லில் நான்கு எண்ணைச் செதுக்கிய அன்று இருவரும் ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். அவன் மனைவி மட்டும் கிறிஸ்துமஸுக்கு ஒரு சீசா ஆப்பிள் ஜாம் கொடுத்தனுப்பினாள். பெப்ரவரியில் மாவட்டத்து ஆட்கள் பச்சைப் பலகையை நட்டுவிட்டுப் போனார்கள். வெல்டா தினமும் தபால் எடுக்கப் போகும்போது அதைக் கடந்தாள். சில நாள் பார்த்தாள், சில நாள் பார்க்கவில்லை. எரிச்சல் முழுதாகப் போய்விட்டது என்று சொன்னால் பொய். வேலியோரம் ரூபார்ப் சிவப்பாக முளைவிட்டபோது அதை ஒரு உதை உதைக்கத்தான் தோன்றியது. உதைக்கவில்லை.

மார்ச்சில் ஒரு மத்தியானம், பெருமழை. அவள் அடுப்பில் பீன்ஸை வைத்துவிட்டு, மாவு கரைத்து ரொட்டியைச் சுடப் போட்டிருந்தாள். டெலிபோன் அடித்தது. எடுத்தாள். மறுமுனையில் ஒரு கனைப்பு.

“நியோமா வீடா?”

ஹோய்ட்டின் குரல். கேலி இல்லை, கோபமும் இல்லை. பழக்கத்தில் வந்ததா, வேண்டுமென்றே கேட்டானா என்று அவளால் சொல்ல முடியவில்லை. அவன் சொல்லி முடித்ததும் அவனுக்கே பயமாகியிருக்க வேண்டும், மூச்சைப் பிடித்துக்கொண்டது கேட்டது.

வெல்டா வயரை இழுத்துக்கொண்டு அடுப்படி ஜன்னலுக்குப் போனாள். கண்ணாடியைக் கைப்பிடித் துணியால் துடைத்தாள்.

“ஆமா, நியோமா வீடுதான்” என்றாள். “பாலத்து மேல ஒரு முழம் தண்ணி. இறங்கிடாத. சுத்தி வா.”

“பதினாலு மைலு” என்றான் ஹோய்ட்.

“பதினாலு மைல்தான். பீன்ஸ் வேக இன்னும் நேரம் இருக்கு.”

அவன் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. லைனை வைக்கவும் இல்லை. அவளும் வைக்காமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பின்னால் ரொட்டி கருகும் வாசனை வர ஆரம்பித்தது.